ஆணி அடிக்க இடமில்லாத கூரை

எங்கள் வீட்டுக்கு மொட்டைமாடி கிடையாது. இதைச் சொன்ன அன்று, தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் ஸ்கெலட்டனில் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் கனவு காண்பது மொட்டைமாடியைத்தான். கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுத் தகரத்துக்குக் கீழே பிறந்ததிலிருந்து வெந்தவர்களுக்கு அந்த ஆசை நியாயம்தான். வடாம் எங்கே காயவைப்பாய், கல்யாணம் என்றால் பந்தியை எங்கே போடுவாய், பெங்களூரிலிருந்து விருந்தாளி வந்தால் எங்கே படுக்கவைப்பாய் என்று கேட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு விருந்தாளி தங்கவயலுக்கு வந்து மொட்டைமாடியில் படுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெங்களூரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை. கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டு, அதன் தலையில் இரும்புக் கால் நட்டு சோலார் பேனலை ஏற்றுவது ஒரு வழி. நாங்கள் அப்படிச் செய்வதில்லை. எங்கள் வரைபடங்களில் கூரையே பேனல், வெயில் படும் சுவரும் பேனல், வராந்தாவுக்கு மேலே வரும் கண்ணாடியும் மின்சாரம் செய்யும். அதற்கு முதல் கோடு போடும்போதே வெயிலுக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும். அறையின் அளவு, கூரையின் சாய்வு, தண்ணீர்த் தொட்டி நிற்கும் மூலை எல்லாம் வெயிலுக்குப் பிறகுதான். பல வருடம் ஊரார் வீட்டுக்கெல்லாம் அப்படி வரைந்து கொடுத்தேன். அப்புறம் ஒரு வீடு எங்களுக்கும் வரைந்தேன்.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும். அவர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருந்தார். தங்கவயலிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் விடியற்காலை ரயிலில்தான் பழக்கம். நான் பௌத்தக் குடும்பத்துப் பெண், அவர் கத்தோலிக்கர். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இருவருடைய அப்பாக்களும் சுரங்கத்தின் ஒரே ஷாஃப்டில், ஒரே கேஜில் ஏறி இறங்கினவர்கள் என்பதால் அந்தக் கோபம் வெகுநாள் நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கெலட்டனில் அவர் அம்மாவோடு லைன் வீட்டில் இருந்தோம். ராபர்ட்சன்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு துண்டு நிலம் கிடைத்ததும் வீட்டு வேலையைத் தொடங்கினோம்.

அந்த வீட்டை ரயிலில்தான் வரைந்தோம். கோடைக்காலம். என் மடியில் காகிதம், அவர் மடியில் அவருடைய சிநேகிதர்கள் சீட்டாட விரித்த துண்டின் ஒரு முனை. ஆட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்து, சமையலறை ஜன்னலைக் கொஞ்சம் தள்ளு, அம்மாவுக்கு எட்டாது என்பார். கூரை மொத்தமும் ஒரே சாய்வாகத் தெற்கு பார்த்து இறங்கும். அதற்குக் கீழே தளம் இல்லை, ஓடு இல்லை, தகரம் இல்லை. பேனல்களே மழையையும் தாங்க வேண்டும். காற்றுப் போக ஒரு இடைவெளி விட்டு, அதற்குக் கீழே மரப்பலகை. ஒரு பேனலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ரப்பர் பட்டை போட்டு இறுக்கிவிட்டால் பிறகு யாரும் அதன்மேல் ஏறவும் கூடாது, ஆணி அடிக்கவும் கூடாது. இது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சுவர்கள் ஜன்னல் மட்டத்துக்கு மேலே எழும்பியிருந்தபோது அவர் இறந்துபோனார். அன்று எனக்குக் காய்ச்சல், நான் ரயிலேறவில்லை. வழக்கம்போலச் சீட்டாடியிருக்கிறார்கள். பங்காரப்பேட்டை தாண்டியதும் கண்ணை மூடிச் சாய்ந்தவரை, தூங்கட்டும் பாவம் என்று விட்டுவிட்டார்கள். பெங்களூரில் எல்லோரும் இறங்கும்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்று சொன்னார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. வராததை மறைக்கவும் தெரியவில்லை. கோயிலில் பூசை நடந்தபோது பலிபீடத்துக்கு மேலே இருந்த ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லறையில் மண் போடச் சொன்னார்கள், போட்டேன். வந்த பெண்கள் என்னை அழவைக்கப் படாதபாடு பட்டார்கள். கட்டிப்பிடித்தார்கள், உலுக்கினார்கள், அவருடைய சட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். நான் அதை மடித்து வைத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது. கல்லாக இருந்தால்கூடத் தேவலை, வெயிலில் சூடாவது ஏறும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுபடி ரயிலில் போக ஆரம்பித்தேன். எங்கள் ரயிலில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது சட்டம் மாதிரி. அவருடைய சிநேகிதர்கள் அவர் இடத்தில் கைக்குட்டை போட்டு எனக்கு வைத்திருந்தார்கள். உட்கார்ந்தேன். அவர்கள் துண்டின் முனையை என் மடியில் விரிக்கக் கூச்சப்பட்டு, கொஞ்ச நாள் சீட்டே ஆடவில்லை. பிறகு ஒருநாள் நானே துண்டை இழுத்து விரித்தேன். ஆடாமல் உட்கார்ந்து எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பதற்கு அது மேல்.

வீட்டு வேலை நிற்கவில்லை. மேஸ்திரி வந்து அடுத்து என்ன என்று கேட்பார், வரைபடத்தில் இருப்பதைச் சொல்வேன். கூரை ஏறியது, மீட்டர் வந்தது. கிரகப்பிரவேசத்துக்கு ஏற்கெனவே ஒரு தேதி பேசி வைத்திருந்தோம். அந்தத் தேதியில் பாதிரியாரை அழைத்து மந்திரிக்கச் செய்து, என் பெட்டியோடு அங்கே போய்விட்டேன். ஏன் போனாய் என்று என் அம்மாகூடக் கேட்டாள். தேதி வைத்திருந்தோம், போனேன். 

என் மாமியார் வரவில்லை. ஜன்னலைத் தள்ளி வைத்ததே அவருக்காகத்தான். இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனார். மழைக்காலத்தில் லைன் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறி, இருமிக்கொண்டு கிடந்தபோதும் வரவில்லை. நான் கெஞ்சுகிற ரகம் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய்ச் சமைத்து வைத்துவிட்டு, வீம்பு என்று திட்டிவிட்டு வருவேன்.

பகலில் அலுவலகத்தில் கைபேசியைத் திறந்தால் வீட்டுக்கூரை எவ்வளவு மின்சாரம் செய்கிறது என்று ஒரு கோடு தெரியும். காலையில் தரையிலிருந்து கிளம்பி, உச்சிக்கு ஏறி, சாயங்காலம் இறங்கும். மாமியாரிடம் ஒருநாள் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, சயனைடு மேடா என்று கேட்டார். அப்படித்தான் இருந்தது. தங்கம் எடுத்தபிறகு கொட்டிய சக்கைமண் எங்கள் ஊரில் மலையாகக் கிடக்கிறதே, அதேபோல ஒரு மேடு. நிஜ மேட்டிலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் வெள்ளைப் புழுதி பறந்து வந்து என் கூரைமேல் படியும், கைபேசி மேடு கொஞ்சம் குள்ளமாகும். கீழே நின்றபடி குழாயால் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவேன். மற்ற நாளெல்லாம் மேடு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த மின்சாரத்தை வீட்டுக்குள் செலவழிக்க யாரும் இல்லை. ஒரு பிரிட்ஜ், அதற்குள் ஒரு பால் பாக்கெட். மீதி மின்சாரம் எல்லாம் மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் விளக்கெரிக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் பாராட்டினார். நான் மாமியாருக்கென்று போட்ட அறையின் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டுக்குப் போனபோது மாமியார் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் வெடி வைத்து மிஞ்சுகிற ஒயரை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமனார் கட்டிய மூங்கில் சட்டம் அது. வருடா வருடம் தாள் மட்டும் புதிது. கட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. கூரைத் தகரத்தில் ஓட்டை போட்டுக் கம்பி கோர்த்து மூங்கிலை நிறுத்துவார். பண்டிகை முடிந்ததும் ஓட்டையைத் தாரால் அடைப்பார். அடுத்த வருடம் பழைய ஓட்டை கண்ணில் படாது, புதிதாக ஒன்று போடுவார். எத்தனை கிறிஸ்துமஸ் ஆயிற்று என்று அந்தத் தகரத்தின் தார்ப்பொட்டுகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் நட்சத்திரம் ஏற்ற மாட்டார்கள். பௌத்த வீட்டில் வளர்ந்த எனக்கே அது தெரியும். இந்த வருடம் எதற்கு அத்தை, எடுத்து வையுங்கள் என்றேன். அவர் தாளில் பசை தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் இத்தனை மாதம் சொல்லாததைச் சொன்னார்.

"நான் அங்க வந்துட்டேன்னா அவன் இங்க வந்து கதவத் தட்டிக்கினு நிப்பான்மா. அவனுக்கு இந்த வூடுதானே தெரியும். அந்த வூட்ட கூர இல்லாமதானே பாத்துட்டுப் போனான்."

 செத்தவர்கள் வருவார்கள் என்று நான் நம்புகிறவள் இல்லை. அவருடைய பாதிரியார் கேட்டிருந்தால் அவரும் திட்டியிருப்பார். ஆனாலும் இருமிக்கொண்டு ஒழுகுகிற வீட்டில் ஒருத்தி எதற்காகக் கிடந்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நட்சத்திரத்தைப் புது வீட்டில் ஏற்றினால் வருவீர்களா என்று கேட்டேன். ராஜாக்கள் பண்டிகை வரைக்கும் இருக்கிறேன் என்றார். மூன்று ராஜாக்கள் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அந்த நாளில்தான் நட்சத்திரத்தை இறக்குவார்கள். அதன்பிறகு இங்கேயே வந்துவிடுவேன் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கூரையைப் பார்த்தேன். நட்சத்திரம் கட்ட அதில் இடம் இல்லை. ஒரு கொக்கி இல்லை, ஒரு வளையம் இல்லை. தண்ணீர் இறங்க, காற்றுப் போக, இடி விழுந்தால் மண்ணுக்கு இறங்க எல்லாவற்றுக்கும் வழி வைத்தவள் இதற்கு வைக்கவில்லை. எனக்காவது அது பிறந்த வீட்டுப் பழக்கம் இல்லை. வருடா வருடம் ஓட்டை போட்ட அந்த மனுஷனுக்குமா தோன்றவில்லை? சித்திரை வெயிலில் ரயிலில் உட்கார்ந்து வரைந்தால் இரண்டு பேருக்கும் வெயிலைத் தவிர வேறு என்ன ஞாபகம் வரும். பக்கத்தில் இருந்தால் திட்டியிருப்பேன். திட்ட ஆள் இல்லை என்பது அப்போது நெஞ்சில் ஒரு இடத்தில் இலேசாகக் குத்தியது. உடனே அதுவும் போய்விட்டது.

தரையில்தான் கம்பம் நட வேண்டும் என்று ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால், வடக்கே நட்டால் கூரைமேல் நிழல் விழாது. பேனலின்மேல் விழும் நிழல் சின்னதாக இருந்தாலும் பொல்லாதது. ஒன்றோடொன்று கோர்த்த வரிசையில் ஒரு பேனல் சுணங்கினால் வரிசை முழுக்கச் சுணங்கும். தோட்டத்துக் குழாயை ஒரு இடத்தில் மிதித்தால் முனையில் தண்ணீர் குறைகிற மாதிரி. இதையெல்லாம் மாமியாருக்குப் படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"கொல்லைல கட்டறதுக்கு நட்சத்திரம் இன்னாத்துக்குமா? ரோட்டுல வர்றவனுக்குத் தெரிய வேணாமா?"

கேட் ஓரமாக, தென்கிழக்கு மூலையில் கம்பம் நின்றது. ரயில் சிநேகிதர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை வந்து குழி தோண்டி நிறுத்தினார்கள். சாவு வீட்டில் நட்சத்திரமா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. தெருவில் இரண்டு பேர் கேட்டார்கள். மாமியார் அவர்களுக்கு டீ கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. அன்றே துணி மூட்டையோடு வந்து, சாத்தியிருந்த அறையைத் திறந்துகொண்டார். சமையலறை ஜன்னல் கதவு அவர் கைக்குச் சரியாக எட்டியது.

லைன் வீட்டுக்காரர்களுக்கு சுவிட்சை அணைக்கும் பழக்கம் கிடையாது. சுரங்கக் கம்பெனி கொடுத்த இலவசக் கரண்டில் வளர்ந்த ஜனங்கள், விளக்கு என்றால் எரிவதற்குத்தான். என் வீட்டுக்காரரோடு நான் போட்ட சண்டையில் பாதி இதற்காகத்தான். நட்சத்திரத்துக்குள் இருந்த பல்பு ராத்திரி பகல் எந்நேரமும் எரிந்தது. பகலில் எதற்கு அத்தை என்று ஒருமுறை கேட்டேன். எந்த ஷிப்டில் வருவானோ என்றார்.  கரண்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, அந்தக் கரண்டையே சாப்பிட்டுக்கொண்டும் இருந்தது அந்த நட்சத்திரம்.

முதல் திங்கட்கிழமை அலுவலகத்தில் கைபேசியைத் திறந்தபோது மேட்டில் ஒரு பள்ளம் இருந்தது. காலைவெயில் தென்கிழக்கிலிருந்து வரும்போது நட்சத்திரத்தின் நிழல் கூரைமேல் ஏறி, மெல்ல நகர்ந்து, உச்சிக்கு முன் இறங்கிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் கோடு தொய்ந்து எழுந்தது. மழை அறுத்துவிட்ட சயனைடு மேடு மாதிரி. தொழில்காரிக்கு அது எரிச்சலாகத்தான் இருக்க வேண்டும். பள்ளம் இல்லாத மேட்டுக்காகத்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன், நிழல் விழுகிறது என்று வேப்பமரத்தையே வெட்டச் சொன்னவள். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்குத் திறந்து பார்த்தேன். அதற்கு மறுநாளும். டீ குடிக்கப் போகிறவர்கள் கூப்பிட்டால் நீங்கள் போங்கள் என்பேன். பள்ளம் விழ ஆரம்பிப்பதைப் பார்ப்பேன். அம்மா இப்போது வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், நட்சத்திரம் கூரைமேல் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அவரை மனதுக்குள் அம்மா என்று சொல்ல ஆரம்பித்திருந்ததை நானே கவனிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போனோம், கல்லறைக்குப் போனோம். மாமியார் அழுதார். நான் மெழுகுவத்திக்குக் காற்றுப் படாமல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. இனிமேல் நான் இப்படியே இருந்துவிடுவேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது எனக்குப் பயமாகக்கூட இல்லை.

ராஜாக்கள் பண்டிகை வேலைநாளில் வந்தது. காலையில் நான் கிளம்பும்போது நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. லைன் வீட்டுக்குத் திரும்பப் போகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவருடைய துணி மூட்டை அலமாரிக்கு மேலே இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அலுவலகத்தில் அன்று ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் வேலை. டீ நேரத்தில் கைபேசியை எடுத்தேன். மேடு முழுசாக இருந்தது. கோடு எங்கேயும் தொய்யாமல், வழவழவென்று உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் இல்லை, கூரையில் புழுதி இல்லை, நிழல் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் காட்டுகிற படத்தில்தான் அப்படி ஒரு கோடு இருக்கும். நட்சத்திரத்தை இறக்கிவிட்டார்கள். அத்தை கிளம்பிவிட்டார். அவர் இனி வரவே மாட்டார்.

கைபேசியை மேஜைமேல் வைக்கப் போனேன், வைக்க முடியவில்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அறையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரி என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்துவிட்டு, கூரையில் ஏதாவது ஃபால்ட்டா என்று கன்னடத்தில் கேட்டாள். இல்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அழுதேன். மூக்கு ஒழுகியது, நெஞ்சு வலித்தது. என் வீட்டுக்காரர் இறந்துபோய்விட்டார் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது தெரியும், சாவுக்கு மாலையோடு எங்கள் ஊர்வரைக்கும் வந்தவள்தான். எனக்குத்தான் அன்று தெரிந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வீட்டு எண்ணுக்குப் போட்டேன். யார் எடுப்பார்கள் என்று போட்டேனோ. மாமியார் எடுத்தார். பின்னால் குக்கர் கூவியது.

"இறக்கிட்டீங்களா அத்தே?"

"காலைலயே இறக்கிட்டேன். நீ கெளம்பின கொஞ்ச நேரத்துல உள்ள பல்பு தானா ஃபியூஸ் போய்டுச்சி. வரும்போது ராபர்ட்சன்பேட்டைல ஒண்ணு வாங்கியாந்துடு, அடுத்த வருசத்துக்கு ஆவும்."

நீங்கள் லைன் வீட்டுக்குக் கிளம்பவில்லையா என்று கேட்டேன்.  

"அங்க எனக்கு இன்னா வேலை? அவன்தான் வந்து பாத்துட்டுப் போய்ட்டானே. நீ சாப்டியா?"